பிக்கப் வண்டியில் நாயோடு ஊர் சுற்ற: சாமான் தொட்டியில், நாய் சீட்டில்

பிக்கப் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. எடுத்த புதிதில் தெருவில் பாதிப் பேர் கேட்டது, "லோடு அடிக்கப் போறீங்களா சார்?" என்றுதான். வீட்டில் இரண்டு நாய் இருப்பது தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: "நல்லதாப் போச்சு, பின்னாடி ஏத்தி விட்டுட்டா போதும், சீட்டு அழுக்காகாது."

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பேச்சுக்குப் பதில். தொட்டி, அதாவது கேபினுக்குப் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதி, நாய்க்கான இடம் இல்லை. ஆனால் தொட்டி இருப்பதால்தான் பிக்கப் நாய்க்கு நல்ல வண்டியாகிறது. காரில் டிக்கிக்குள் அடங்காத பையெல்லாம் பின் சீட்டுக்கு வந்து நாயை மூலைக்குத் தள்ளும். பிக்கப்பில் சாமான் மொத்தமும் பின்னால் போய்விடும், பின் சீட் முழுசாக நாய்களுக்கு. கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

என் வீட்டு நாய்கள்: செவலை, 22 கிலோ, தெருவில் கிடைத்த நாட்டு நாய். ராணி, 19 கிலோ, சிப்பிப்பாறை, ராஜபாளையத்தில் இருக்கும் மாமா குட்டியாகக் கொடுத்தது. பொமரேனியனோ பக்கோ வைத்திருப்பவர்கள் அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வண்டி எடுக்கும் முன்

நாயோடு போக வேண்டுமென்றால் நான்கு கதவுள்ள டபுள் கேபின் மட்டும்தான். இரண்டு கதவு பிக்கப் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் நாய்க்கு ஓட்டுநர் மடியும் தொட்டியும்தான் மிச்சம். இரண்டும் ஆகாது.

டபுள் கேபினில் இந்தியாவில் இரண்டு வகை உண்டு. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் பதிவாகும் வண்டிகள்: சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும், 2016-ல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். பொலேரோ கேம்பர் போன்றவை இன்னொரு வகை, வேலைக்கென்று செய்யப்பட்டவை, பெரும்பாலும் மஞ்சள் போர்டு. மஞ்சள் போர்டு என்றால் முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அப்புறம் வருஷா வருஷமும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் கணக்கும் வேறு. தோட்டம், கடை என்று உண்மையிலேயே லோடு வேலை இருந்தால் அது லாபம். நாயோடு ஊர் சுற்றத்தான் என்றால் வெள்ளை போர்டே நிம்மதி. பழைய வண்டி பார்க்கிறவர்கள் டாடா ஜெனான், ஸ்கார்ப்பியோ கெட்டவே இரண்டையும் சந்தையில் பார்க்கலாம், புதிதாக வருவதில்லை.

நீளத்தை யாரும் முதலில் யோசிப்பதில்லை. வி-கிராஸும் ஹைலக்ஸும் ஏறக்குறைய 5.3 மீட்டர். தமிழ்நாட்டு அடுக்குமாடிகளில் கார் நிறுத்தக் குறிக்கும் இடம் வழக்கமாக 5 மீட்டருக்கு 2.5 மீட்டர். அந்த முப்பது சென்டிமீட்டருக்காக அசோசியேஷன் கூட்டத்தில் நான் மூன்று முறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். டேப்பை எடுத்து அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஷோரூமுக்கு நாயையும் கூட்டிப் போங்கள். சேல்ஸ்மேன் முகம் மாறும், பரவாயில்லை. பார்க்க வேண்டியவை மூன்று. பின் சீட்டில் நாய் திரும்பிப் படுக்க இடம் இருக்கிறதா? ஏ.சி. காற்று பின் சீட்டுவரை வருகிறதா? ஏறும் உயரம் எவ்வளவு? மற்றதெல்லாம் கையேட்டிலேயே கிடைக்கும்.

டெஸ்ட் டிரைவில் முன் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள். பிக்கப்பில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு வில். லோடு தாங்கவென்று கெட்டியாகச் செய்தது. தொட்டி காலியாக இருந்தால் வேகத்தடையில் பின் சீட் தூக்கிப் போடும். உங்கள் நாய் ஐந்நூறு கிலோமீட்டர் உட்காரப் போவது அங்கேதான்.

2. தொட்டியில் ஏன் கூடாது

மூன்று காரணம், மூன்றும் தனித்தனியாகவே போதுமானவை.

முதலில், விழுவது. கட்டாமல் விட்டால் குதிக்கும். கட்டிவிட்டால் பக்கவாட்டுத் தகடு தாண்டிக் குதித்து, கழுத்துப் பட்டையில் தொங்கும். இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் பிக்கப்பில் நாயை ஏற்றிப் போவது ரொம்ப சகஜம், அங்கேயே கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் வைத்திருக்கிறது: தொட்டியின் ஓரம் குறைந்தது 46 அங்குல உயரத்துக்கு அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாய் கூண்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது வெளியே விழ முடியாதபடி இரண்டு பக்கமும் கட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் பிக்கப்புக்கென்று இப்படி அளவு சொல்லும் விதி இல்லாவிட்டாலும், விலங்குக்கு வீண் வேதனை தரும் விதத்தில் வண்டியில் கொண்டுபோவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, சூடு. மே மாதம் பதினோரு மணிக்குத் தொட்டித் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை கை அங்கேயே நின்றால் சொல்லுங்கள். நாய்க்கு வேர்வை முக்கியமாகப் பாதத்தில்தான், அந்தப் பாதத்தையே அங்கே வைத்து நிற்கச் சொல்கிறோம்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. "கூரை போட்டுட்டா சரியாப் போச்சே" என்று ஃபைபர் கேனபி மாட்டி, காற்று வரட்டும் என்று அதன் பின்கண்ணாடியை மட்டும் திறந்து வைப்பார்கள். ஓடுகிற வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அது சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. போதாததற்கு ஏ.சி. அங்கே வராது, நாய் வாந்தி எடுத்தாலும் நமக்குக் கேட்காது. கேனபி சாமானுக்கு நல்லது, நானே போட்டிருக்கிறேன். மாட்டும் முன் ஆர்.டி.ஓ. விதியையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் கேட்டுக்கொள்ளுங்கள்; ஆர்.சி.யில் எழுதியிருப்பதை மாற்றும் வேலைக்கெல்லாம் அனுமதி வேண்டும்.

தோட்டத்துக்குள் வரப்போரமாக மாட்டு வண்டி வேகத்தில் நூறு அடி போவதற்குக்கூடவா இத்தனை என்றால், அங்கேயும் நான் ஏற்றுவதில்லை. நாய்க்கு வரப்பும் பைபாஸும் ஒன்றுதான். தொட்டியில் ஏறிப் பழகிய நாய் அடுத்த தடவையும் அங்கேதான் ஏறும்.

3. பின் சீட்டைத் தயார் செய்வது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அதிகம் செலவாகாது, ஆனால் பயணத்தின் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் கால் வைக்கும் பள்ளம் இருக்கிறதே, அதுதான் முதல் எதிரி. பிரேக் போட்டால் நாய் அதற்குள் விழும். ஆன்லைனில் விற்கும் தொட்டில் மாதிரித் துணி விரிப்பு முடியைத் தடுக்கும், எடையைத் தாங்காது. நான் செய்தது இது: பன்னிரண்டு மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டை இரண்டு துண்டாக வெட்டி, பள்ளத்தில் சீட் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி வைத்து, அதன்மேல் போட்டேன். பலகைக்கு மேல் பழைய இலவம்பஞ்சு மெத்தை, அதற்கு மேல் துவைக்கக்கூடிய கெட்டித் துணி. பெட்டிக்குள் கயிறு, துண்டு, மருந்துப் பை. பெட்டிகள் நகராதபடி சீட் கால்களோடு கட்டிவிட வேண்டும்.

மெத்தை ஆடம்பரம் அல்ல. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது. வெறும் பலகையில் இரண்டு மணி நேரம் படுத்தால் முழங்கையில் தோல் காய்த்துப் போகும்.

அடுத்து, கட்டுவது. கழுத்துப் பட்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள். மார்பைச் சுற்றி வரும் அகலமான ஹார்னஸ் வேண்டும். அதிலிருந்து குட்டையான ஒரு பெல்ட் சீட் பெல்ட் கொக்கிக்குப் போக வேண்டும். உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும், முன் சீட்டுக்குத் தாவ முடியக் கூடாது. அதுதான் நீளத்துக்குக் கணக்கு. இரண்டு நாய் என்றால் இரண்டு கொக்கி, ஒன்றின் பெல்ட் இன்னொன்றோடு சிக்காத தூரத்தில்.

இதெல்லாம் அவசியமா என்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி சட்டென்று மோதி நின்றால், கட்டப்படாத நாய்க்கு அது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி. அது விழுகிற இடம் உங்கள் பிடரி. முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் ஏர்பேக் எவ்வளவு வேகத்தில் வெடித்து விரியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, பொத்தான்கள். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பவர் விண்டோ லாக்கை அழுத்தியே வையுங்கள். நாயின் பாதம் ஜன்னல் பொத்தானில் பட்டால் கண்ணாடி இறங்கவும் செய்யும், தலை வெளியே இருக்கும்போது ஏறவும் செய்யும். பின்கதவில் சைல்டு லாக் போடுங்கள். இதையெல்லாம் நான் முன்யோசனையில் செய்யவில்லை. ஒரு டீக்கடை முன்னால் இன்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, சாவியை உள்ளேயே விட்டு, பணம் கொடுக்க இறங்கினேன். செவலை அன்று பெல்ட் போடாமல் இருந்தான். முன்னால் தாவி வந்து, என்னைப் பார்த்த சந்தோஷத்தில் கதவில் காலை வைத்தான். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. மாற்றுச் சாவி எண்பது கிலோமீட்டர் தள்ளி வீட்டில். அரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அவனிடம் கெஞ்ச, அவன் வாலாட்ட, டீக்கடைக்காரர் பிஸ்கட்டைக் கண்ணாடியில் காட்டி அங்குமிங்கும் ஓடவைத்து, கடைசியில் அவனே தற்செயலாகப் பொத்தானை மிதித்துத் திறந்தான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து மாற்றுச் சாவி என் பெல்ட் கொக்கியில்.

4. ஏற்றி இறக்குவது

பிக்கப் தரையிலிருந்து உயரம். ஏறுவதைவிட இறங்குவதுதான் நாயைக் கெடுக்கும். குதிக்கும்போது மொத்த எடையும் முன்னங்கால் மூட்டில் இறங்கும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி இடுப்பு மூட்டுத் தொந்தரவு வரும் இனங்களுக்கும், ஏழு எட்டு வயது தாண்டிய எந்த நாய்க்கும் சாய்பலகை வேண்டும். ஆறடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் ஒரு பலகை, மேலே தென்னைநார் விரிப்பை ஆணியடித்து, ஒரு முனையில் வழுக்காத ரப்பர். தொட்டியில் ஓரமாகப் படுத்துக்கொள்ளும். முதலில் அதைத் தரையில் தட்டையாகப் போட்டு நடக்கப் பழக்குங்கள், அப்புறம் ஒரு செங்கல் உயரம், அப்புறம் வண்டி.

கதவைத் திறந்ததும் பாய்ந்து இறங்கும் பழக்கத்தை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். லீஷை (கையில் பிடிக்கும் கயிற்றை) மாட்டிய பிறகுதான் பெல்ட்டைக் கழற்றுவது, "வா" என்ற பிறகுதான் இறங்குவது. நான்குவழிச் சாலையோரத்தில் இந்த ஒரு பழக்கம்தான் உயிர்.

5. பழக்குவது

முதல் பயணமே ஊட்டி என்று கிளம்பாதீர்கள். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் சில நாள் இன்ஜின் போடாமல் பின் சீட்டிலேயே சாப்பாடு. அப்புறம் இன்ஜின் மட்டும். அப்புறம் தெருமுனைவரை. ராணிக்கு முதல் இரண்டு வாரமும் வாந்தி. குட்டிகளுக்கு இது அதிகம், வளர வளரக் குறையும். வண்டி என்றாலே ஊசி போடும் இடம் என்று நாய் முடிவு கட்டிவிட்டால் அதன்பின் மாற்றுவது கஷ்டம். நான்கு தடவை மைதானத்துக்கும் கடற்கரைக்கும் போனால் ஒரு தடவை டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி நிற்கவில்லையென்றால் மாத்திரை உண்டு, மாரோபிடன்ட் என்று பெயர். எடைக்கு ஏற்ற அளவைக் கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். நம் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். முக்கியமாக இபுப்ரோஃபன், பாராசிட்டமால் பக்கமே போகாதீர்கள்.

6. டாக்டரும் காகிதமும்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். வெறிநோய் தடுப்பூசிக்கு வருஷம் தாண்டவில்லை என்பதற்கு அட்டை, பயணத்துக்குத் தகுதி என்று ஒரு சான்றிதழ். விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகளில் நாய்க்கு இந்தச் சான்றிதழ் சொல்லப்பட்டிருக்கிறது. என்னிடம் இதுவரை சாலையில் யாரும் கேட்டதில்லை, தங்கும் விடுதிகளில்தான் கேட்டார்கள். அதே விதிகள் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாய்க்குத் தண்ணீர் தரச் சொல்கின்றன. நம் வெயிலுக்கு நான்கு மணி நேரமே அதிகம். சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வளர்ப்பு உரிமத்தையும் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். நாயின் கழுத்தில் உங்கள் போன் நம்பர் பொறித்த வில்லை கட்டாயம்.

உண்ணி மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கிராமத்து மாட்டுத் தொழுவம், காட்டோரப் புல் இரண்டிலும் உண்ணி நிச்சயம். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களைக் கொல்லும் நோய்களில் ஒன்று.

இன்னொரு வேலை, போனில் வழியிலுள்ள மருத்துவமனைகளைக் குறித்துக்கொள்வது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் ஏதாவதொன்று வழியில் வரும். ஞாயிறு, இரவு நேரத்தில் திறந்திருக்குமா என்பதை முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

ஃபாஸ்டேக் பற்றி ஒரு வார்த்தை. பிக்கப்பைப் பார்த்ததும் சரக்கு வண்டி என்று நினைக்கும் டோல்கேட்காரர்கள் உண்டு. டேக் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். வெள்ளை போர்டுக்குக் கார் கட்டணம்தானே என்று இரவு பதினொரு மணிக்கு ஹாரன் சத்தத்துக்கு நடுவில் வாதாடியிருக்கிறேன், பின் சீட்டில் இரண்டு பேரும் என் கட்சிக்காகக் குரைத்தார்கள்.

7. தொட்டியில் என்ன, எங்கே

கனமானதெல்லாம் கேபினை ஒட்டி. பின்கதவு பக்கம் எடை போனால் முன் சக்கரம் லேசாகும். நான் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அரிசி, கூடாரம், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் முன்பக்கம் அடுக்கி வலை போட்டுக் கட்டுவேன். இந்த நூறு கிலோவால் இன்னொரு லாபம்: லீஃப் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி, பின் சீட் குலுக்கல் குறையும், மழையில் பின் சக்கரம் வழுக்குவதும் குறையும். டயர் காற்றையும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வையுங்கள். முழு லோடுக்கான அளவில் அடைத்துவிட்டுக் காலி வண்டி ஓட்டினால் நாய்க்குப் பந்து மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

தண்ணீர்க் கணக்கு: சும்மா இருக்கும் நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது மில்லி வேண்டும். செவலைக்கு அப்படி ஒன்றேகால் லிட்டர். வெயில் பயணத்தில் இரண்டு மடங்கு வையுங்கள். வழியில் பிடிக்கும் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும், நாயின் வயிறு அதைக் கண்டுபிடித்துவிடும்.

வழக்கமான உணவையே எடுத்துப் போங்கள். ஹைவே ஹோட்டலில் பரிதாபப்பட்டுப் பரோட்டா சால்னா ஊற்றுகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் சால்னா முழுக்க வெங்காயம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

8. பயண நாள்

சென்னையிலிருந்து ராஜபாளையம் சுமார் 550 கி.மீ. வருஷம் இரண்டு தடவை போகிறோம், அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்கு முழுச் சாப்பாடு. காலையில் ஒன்றும் கிடையாது, கொஞ்சம் தண்ணீர் மட்டும். உங்கள் நாய் வெறும் வயிற்றில் தவிக்கும் ரகம் என்றால் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் லேசாக ஏதாவது கொடுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு நல்ல நடை, மூன்றரைக்கு வண்டி. தாம்பரம், செங்கல்பட்டு எல்லாம் இருட்டிலேயே முடிந்துவிடும், நாய்களும் தூங்கிவிடும்.

விடியும்போது திண்டிவனம் தாண்டி முதல் நிறுத்தம். பெட்ரோல் பங்க்கோ பெரிய ஹோட்டல் வளாகமோ வேண்டாம். அங்கே ஊர் நாய்க் கூட்டம் இருக்கும், நம்முடையது இறங்கினால் எல்லைத் தகராறு. சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், வண்டியின் இடதுபக்கக் கதவு வழியாக மட்டும் இறக்குங்கள். பத்து நிமிஷம் நடை, தண்ணீர். அடுத்தது உளுந்தூர்ப்பேட்டை தாண்டி. இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் என் அளவு.

மூன்றாவது நிறுத்தத்தை முன்பெல்லாம் விராலிமலை பக்கம் வைத்திருந்தேன். அந்த ஊர் மயிலுக்குப் பேர்போனது. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய், மோப்பத்துக்கெல்லாம் காத்திருக்காது. ஒரு மயில் சாலையோரம் தோகையை இழுத்துக்கொண்டு போனதை ராணி எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். லீஷ் என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது, நல்லவேளையாகக் கடைசி முடிச்சில் பிடித்தேன். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. பிடித்திருந்தால் அன்று நான் ஊருக்குப் போயிருக்க மாட்டேன். இப்போது திருச்சி தாண்டியதும் நிறுத்திவிட்டு மதுரைவரை நிற்பதில்லை. வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் லீஷை மணிக்கட்டில் சுற்றாமல் இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள். வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. கை தட்டிச் சோதித்துப் பாருங்கள். கேட்காத நாயை வெளியூரில் ஒரு நொடிகூட அவிழ்த்து விடக் கூடாது.

திருவில்லிபுத்தூரில் பால்கோவா நமக்கு. நாய்க்கு இல்லை, எப்படிப் பார்த்தாலும்.

9. வெயில்

நம் ஊரில் பயணம் செய்யும் நாய்க்கு விபத்தைவிடப் பெரிய பயம் வெயில். வெளியே 35 டிகிரி இருந்தால், மூடிய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் 45-ஐ நெருங்கும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பது உதவாது, நிழலும் நகர்ந்துவிடும். ஆகவே நாங்கள் சாப்பிட முறை வைத்திருக்கிறோம், ஒருவர் சாப்பிட, ஒருவர் நாய்களோடு. தனியாகப் போனால் பார்சல்தான்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி சொச்சம். 41-ஐத் தொட்டால் ஆபத்து. மூச்சிரைப்பு நிற்காமல் அதிகமாவது, கெட்டியான எச்சில், ஈறு செக்கச்செவேலென்று ஆவது, தள்ளாட்டம், வாந்தி: இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் யோசிக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், கேன் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்று வீசுங்கள், தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஏ.சி.யை முழுசாக வைத்து மருத்துவமனைக்கு ஓடுவது. தொட்டியில் நாற்பது லிட்டர் தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பக், புல்டாக் மாதிரிச் சப்பை மூக்கு இனங்களை ஏப்ரல், மே இரண்டு மாதமும் வீட்டிலேயே விடுங்கள்.

10. மலையும் காடும்

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் 20, கொல்லிமலையில் 70. முதல் மலைப் பயணத்துக்கு ஏலகிரி போதும். கொல்லிமலையை நாய்க்கு வாந்தி முழுசாக நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் 5.3 மீட்டர் வண்டியைத் திருப்பக் கை பழகியிருக்கும். ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும், இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரில் இறங்க வேண்டும். வளைவுக்குள் மெதுவாக நுழைந்தால் பின்னால் இரண்டு நாயும் ஒரே பக்கமாகச் சரியாது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்தில் எடுப்பது. நீலகிரிக்குச் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக முடியாது, எவர்சில்வர் தூக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பந்திப்பூர்ச் சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் நாயை இறக்கக் கூடாது, ஒரு நிமிஷம் சிறுநீருக்காகக்கூட. உள்ளே நுழையும் முன்பே அந்த வேலையை முடித்து, கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். யானையைப் பார்த்து நாய் குரைத்தால் யானை நாயைத் தேடி வராது, வண்டியைத் தேடி வரும்.

தங்குமிடத்தில் "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. அறைக்குள் வரலாமா, வெளியே கட்டச் சொல்வார்களா என்று கேளுங்கள். வால்பாறையிலும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் சிறுத்தை இரவில் குடியிருப்புக்குள் வந்து நாயைத் தூக்கிப் போவது வழக்கமான சங்கதி. வராந்தாவில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள் என்று சொல்லும் விடுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

11. வீடு வந்த பிறகு

அன்றிரவே குளிப்பாட்டத் தேவையில்லை, களைத்திருக்கும். ஆனால் உண்ணி மட்டும் அன்றிரவே. காது மடலுக்குள், விரலிடுக்கு, அக்குள், வாலடி. இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ, சாப்பாட்டு வெறுப்போ, மூக்கில் ரத்தமோ வந்தால் போன ஊரைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

வண்டியில் பலகை, மெத்தை எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, ஈரமான ரப்பர் கையுறையால் சீட்டைத் தடவினால் முடி சுருண்டு சுருண்டு வரும். வாக்குவம் கிளீனரைவிட இது வேகம். கடைசியாக சீட் பெல்ட் கொக்கி ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டி, சின்ன பிரஷ்ஷால் துடையுங்கள். நாய் முடி உள்ளே அடைந்தால் நாக்கு முழுசாகப் பூட்டாது, பூட்டிய மாதிரித் தெரியும். மாட்டிப் பார்த்து, "டக்" என்ற சத்தம் கேட்டால்தான் பலகையைத் திரும்ப வைப்பேன்.